மண்டபத்தில் ஒரு குடிபுகுதல்

இதில் ஒரு வார்த்தைகூடச் சேர்த்துச் சொன்னது கிடையாது. ரெட்டிபாளையம் ரோட்டில் சிமென்ட் லாரி வரும்போது அதற்கு எதிரே நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். அந்த இடத்தில் பொய் சொல்ல யாருக்கும் அவகாசம் இருக்காது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு மண்டபத்து ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்த பெனாசிர் செல்போனைத் திறந்தாள். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், ‘ஜெனரேட்டருக்கு டீசல்’ என்பதற்கும் ‘ரோஜா மாலை’ என்பதற்கும் நடுவில், ‘உப்பு மூட்டைகளை இறக்கு’ என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில், முடிந்தது என்று டிக்கும் இருந்தது. அந்த வரியை அவள் எழுதவில்லை. டிக்கும் அவள் அடிக்கவில்லை.

மண்டபம் அவள் அத்தா, லெப்பைக்குடிக்காட்டு அப்துல் சலாமுடையது. துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர், அரியலூருக்கு இந்தப் பக்கம், பழைய சுண்ணாம்புக்கல் குழி ஒன்றை மண் கொட்டி மூடிய இடத்தில் அதைக் கட்டினார். அஸ்திவாரம் தோண்டியபோது ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட கற்கள் வண்டி வண்டியாக வந்தன. பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது, இதெல்லாம் அதில் திரிந்த பிராணிகள் என்று காலேஜ் பிள்ளைகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்துல் சலாம் அவற்றையே தரைக்கு அடியில் போட்டு இறுக்கி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். கல் வாங்குகிற செலவு மிச்சமாயிற்று.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது பெனாசிர். யார் தேதி கேட்டாலும் கம்ப்யூட்டரில் புக்கிங் சாஃப்ட்வேரில் பதிவு செய்வாள். செய்ய வேண்டிய வேலைகளைச் செல்போனில் ஒரு ஆப்பில் எழுதிக்கொள்வாள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் மறப்பாள். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தவன் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுதர்சன். புக்கிங் விழுந்தால் வேலைகள் தாமாகவே ஆப்பில் வந்து நிற்கும். ஆளாளுக்கு மெசேஜ் போகும். எல்லா வேலையும் முடிந்தால் சாஃப்ட்வேர் தானே நிகழ்ச்சியை உறுதி செய்து, விருந்தாளிகளுக்கு அழைப்பும் அனுப்பிவிடும். ‘நீங்க டிக் மட்டும் அடிங்கக்கா, மிச்சத்த அது பாத்துக்கும்’ என்று சொல்லியிருந்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் தங்கை மர்ஜியாவின் நிக்காஹ். மாப்பிள்ளை சஃப்வான் தோஹாவிலிருந்து குறைந்த லீவில் வந்தவன், புதன்கிழமை விமானம். இந்த ஞாயிறு தவறினால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து, அதுவும் அவன் முதலாளி மனசு வைத்தால். மர்ஜியா இப்போதே ஹாலில் மேடைமேல் நின்று பூக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மல்லிகைத் தோரணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது ஆபீஸ் அறைவரை கேட்டது.

பெனாசிர் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் திறந்தாள். மர்ஜியாவின் பெயருக்குக் கீழே இன்னொரு பதிவு. நிகழ்ச்சி: குடிபுகுதல். பெயர் காலி. போன் நம்பர் காலி. முகவரி என்ற இடத்தில் ‘இதே இடம்’. விருந்தாளிகளின் எண்ணிக்கை மட்டும் பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாண மண்டபத்தில் எவன் குடிபுகுவான்? இது சுதர்சன் வேலைதான் என்று அவளுக்குப் பட்டது. யாரோ பெரிய இடத்துக்குத் தேதியைக் கைமாற்றிவிட்டான். போன் போட்டாள்.

“சுதர்சா, ஞாயித்துக்கிழமைய யாருக்குக் குடுத்த?”

“என்னக்கா, அது நம்ம மர்ஜியா கல்யாணமாச்சே.”

“உப்பு மூட்ட எதுக்கு வந்துச்சு?”

“சமையல் மாஸ்டர் கேட்ருப்பாருக்கா.”

“அவரு பிரியாணில உப்பு போடுறாரா, உப்புல பிரியாணி போடுறாரா?”

அவன் சிரித்தான். தா.பழூரில் வேலையாக இருப்பதாகவும், பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகவும் சொன்னான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் முன்கூட்டியே தயார் செய்து வைத்த சிரிப்பு போல இருந்தது.

ஸ்டோர் ரூமில் மூட்டைகள் இருந்தன. சுவர் ஓரமாக, தோள் உயரத்துக்கு, ஈரமாக. சாக்குகளின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து எழுந்த வாடை, கருவாட்டுக் கடையும் மழை பெய்த சுண்ணாம்புக் காளவாயும் ஒன்றாகச் சேர்ந்தது மாதிரி, மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கடல் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அரை நாள்.

வாட்ச்மேன் பிச்சைமுத்து கதவருகே வந்து நின்றார்.

“மெசேஜ் வந்துச்சும்மா, வாசக் கேட்ட தொறந்து வையின்னு. தொறந்து வச்சேன். டீ குடிச்சிட்டு வந்தா மூட்ட கெடக்கு.”

“லாரி சத்தம் கேக்கலயா?”

“கேட்டா கேட்டேன்னு சொல்ல மாட்டனா?”

அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“வேட்டி ஏன் நனைஞ்சிருக்கு?”

“செடிக்குத் தண்ணி வுட்டேன்.”

“மோட்டார் காயில் போயி ஒரு வாரமாச்சே.”

பிச்சைமுத்து குனிந்து வேட்டியைப் பார்த்தார். “அதானே” என்றார், அவரும் இப்போதுதான் யோசிப்பவர் போல.

இவரும் கூட்டு, என்று நினைத்துக்கொண்டு பெனாசிர் ஆபீஸ் அறைக்குத் திரும்பினாள். செல்போனில் புதிதாக நான்கு வரிகள் வந்திருந்தன. நாற்காலிகளை அப்புறப்படுத்து. சன்னல்களைச் சாத்து. சமையல் வேண்டாம். வாசலைத் திற.

டிக் அடித்தால்தானே முடிந்ததாகும். அவள் அடிக்கப் போவதில்லை. அழிக்கப் போகிறாள்.

முதல் வரியை அழித்தாள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் உரசி இழுபடும் சத்தம் கேட்டது, ஒன்றிரண்டாக இல்லை, அத்தனையும் சேர்ந்து, ஒரே பக்கமாக. பிச்சைமுத்து பெருக்குகிறார் என்று சமாதானம் செய்துகொண்டாள். பிச்சைமுத்து சன்னலுக்கு வெளியே நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதை அழித்தாள். நடையில் விழுந்திருந்த மாலை வெளிச்சம் பட்டை பட்டையாக அணைந்தது. மர்ஜியாவின் பாட்டு நிற்கவில்லை. ஆனால் அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி மாறியிருந்தது.

மூன்றாவது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு பாதியில் நின்றது. ஏதோ ஒரு தேக்சா மூடி மட்டும் தரையில் சுற்றிச் சுற்றி அடங்கியது.

ஒரே ஒரு வரிதான் மிச்சம். அதையும் அழித்தாள். நான்காவதை.

உடனே போன் அடித்தது. சுதர்சன்.

“அக்கா, எதையும் அழிச்சிடாதீங்க. நீங்க டிக் அடிக்க மறந்துடுறீங்கன்னு, பட்டியல்ல இல்லாததெல்லாம் முடிஞ்சதுன்னு எடுத்துக்கச் சொல்லி வச்சிருக்கேன். அப்பறம் ஒரே தேதில ரெண்டு பதிவு இருந்தா ஒன்னாச் சேத்துடும். ஹலோ? அக்கா, அங்க என்ன தண்ணிச் சத்தம்?”

கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

நிகழ்ச்சி: குடிபுகுதல். உறுதி. மணமகள்: மர்ஜியா.

மணமகன் என்ற கட்டத்தில் சஃப்வான் இல்லை.

அழைப்புகள் அனுப்பப்பட்டன. ஆரம்பம்: இன்று மாலை.

மண்டபம் என்றால் முந்தின நாள் மாலையே கைமாறிவிட வேண்டும். ஊர் வழக்கம். அதைச் சாஃப்ட்வேருக்குச் சொல்லி வைத்தது அவள்தான்.

ஓடினாள். நடை ஈரம். கால் வழுக்கியது. ஹால் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் மர்ஜியாவின் செருப்பு. ஒரு ஜோடி. வேறு யாருடைய செருப்பும் இல்லை.

உள்ளே இருட்டு. பிறகு, அவ்வளவு இருட்டாக இல்லை.

டைல்ஸ் எல்லாம் பெயர்ந்திருந்தன. அடியிலிருந்து. ஆட்டுக்கொம்பாகச் சுருண்டிருந்தவை சுருள் பிரிந்துகொண்டிருந்தன. மெல்ல. வரிசை வரிசையாக. நாற்காலி தேவைப்படாதவை. எல்லாம் மேடையைப் பார்த்து.

மேடையில் மர்ஜியா உட்கார்ந்திருந்தாள். ஹாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் அவளுடைய சிவப்பு முக்காடு தலைக்கு மேல் எழும்பி, விரிந்து, மிக நிதானமாக அசைந்துகொண்டிருந்தது. கூந்தலும் அப்படியே. மல்லிகைகள் சரத்திலிருந்து கழன்று மேல்நோக்கிப் போயின.

“லாத்தா” என்றாள் அக்காவைப் பார்த்து. “கதவ சாத்திடாதீங்க. இன்னும் வர்றாங்க.”

அவள் வாயிலிருந்து ஒரு குமிழி வெளியே வந்து, ஆடி ஆடி உயர்ந்து, கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.

சேர்த்துச் சொன்னது கிடையாது, சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அப்துல் சலாம் அந்த இடத்தைக் கிரயம் செய்ததே போன வாரம்தான். மண்டபத்துக்கு இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை.