சித்தப்பாவுக்குக் கிடைத்த பாதி

கைத்தொலைபேசி அலறியது!

பருத்தித்துறைக் கரையோரத்து மீன்வாடிக் கொட்டிலுக்குள், வலைக்குவியல் மேல் குந்தியிருந்த கஜீபன் திடுக்கிட்டான்.

வலைக்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே... சுபாங்கன்!

அவனுடைய படகுக் கூட்டாளி. போன மாரியில் 'பங்கைப் பிரி' என்று வந்து நின்றவனுக்கு, மண்வெட்டியால் ஒரே போடு. 'ஆள் பிரான்சுக்கு ஓடிட்டான்' என்று ஊரை நம்பவைத்தாயிற்று. சுபாங்கனின் மனைவி தயாளினி மட்டும் நம்பவில்லை. படகில் பங்கும், தன் சீதனக் காணியில் நிற்கும் இந்த வாடியும் கேட்டு வழக்குப் போட்டுவிட்டாள்.

"தம்பி, நீதிமன்றக் கட்டளை வந்திட்டுது," என்றார் அவனுடைய சட்டத்தரணி நமசிவாயம்.

"எல்லாம் சித்தப்பாட்டையோ ஐயா?"

கூட்டாளிகள் எழுதிய ஒப்பந்தப்படி, பிணக்கு வந்தால் நீதிமன்றம், கோடு என்று ஏறாமல் நடுவர்தான் தீர்க்கவேண்டும். நடுவர், கஜீபனின் சித்தப்பா தம்பிஐயா. வாடிப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார்.

"பாதிதான் தம்பி. படகு நடுவரிட்டை. காணி கோட்டிலை."

"ஏன் ஐயா அப்பிடி?"

"ஒப்பந்தம் படகுக்குத்தானே? காணி தயாளினியின்ரை சீதனம். அவ எதிலையும் கையெழுத்து வைக்கேல்லை. பழைய எல்லைக்கல் வாடிக்குள்ளை கிடக்குதாம். கிண்டிப் பாக்க பின்னேரம் காணி அளக்கிற சேர்வையர் வாறார். இன்னொண்டு..."

கஜீபன் இணைப்பைத் துண்டித்தான்.

தோண்டினான். சுபாங்கன் இப்போது ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டான்.

கடலில் போட்டுவிடலாமா...? முடியாது! இன்று அம்மன் தேர். ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். ஒரு இஞ்சின் சத்தம் கேட்டாலே ஊர் திரும்பிப் பார்க்கும்.

படகு...!

அது சித்தப்பாவின் பாதி. கோட்டுக்காரர் கால் வைக்கமுடியாது.

கரையில் ஈ காக்கை இல்லை. தூரத்தில் அரோகரா கேட்டது. சாக்கைப் படகின் ஐஸ் அறைக்குள் இறக்கி, மேலே ஐஸைக் கொட்டினான். விடியக் கடலுக்குப் போனால் சோலி முடிந்தது.

மறுபடி கைத்தொலைபேசி.

"ஏன் தம்பி கேட்டு முடிக்காமல் வைச்சனீர்? ரெண்டு பாதிக்கும் ஒரே சாட்சிகள்தானாம். ரெண்டு இடத்திலை ரெண்டு விதமாத் தீர்ப்பு வரக்கூடாதாம். காணி வழக்கு முடியுமட்டும் நடுவர் விசாரணையை நிப்பாட்டியாச்சு. அதுவரைக்கும் படகு கோட்டின்ரை பொறுப்பிலை. படகிலை உள்ள சாமான் சக்கட்டையைப் பாத்து எழுத ஆக்கள் வெளிக்கிட்டிட்டினம்."

வெளிக்கிட்டு, வந்தும்விட்டார்கள். இறங்குதுறையில் நீதிமன்ற அலுவலர். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். பின்னால் தயாளினி.

"ஐஸ் அறையைத் திறவும்," என்றார் பொலிஸ்காரர்.

"அது... நடுவரிட்டைக் கேட்டுத்தான்..."

அவரே மூடியைத் தூக்கினார். ஐஸை விலக்கினார். சாக்கின் கட்டை அவிழ்த்தார். உள்ளே மனித எலும்புகள்!

தயாளினி இறங்குதுறையிலேயே குந்திவிட்டாள். அவன் உயிரோடு இல்லையென்று இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது.

"சித்தப்பாவைக் கூப்பிடுங்கோ..." கஜீபன் முனகினான்.

விலங்கை மாட்டியபடி பொலிஸ்காரர் சொன்னார்:

"கூப்பிடலாம் தம்பி. ஆனா கொலைக்கும் அவர்தான் நடுவர் எண்டு ஒப்பந்தத்திலை எழுத மறந்திட்டீரே!"