நான் ஓட்டலை

தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. திருப்பாலைக்குடியில் விடிய விடிய ஐஸ் பெட்டி ஏற்றியிருந்தேன். விடிந்ததும் வலி தெரியாமலிருக்கக் குடித்தேன். டிரைவர் இஃப்திகார் டீக்கடைக்குப் போயிருந்தான். எங்கள் ஏலக்கூடத்தில் வண்டிச் சாவியை யாரும் கழற்றுவதில்லை. பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட யாராவது நகர்த்த வேண்டுமே. மீன் ஏற்றிய குட்டியானை வண்டியின் இடதுபக்க இருக்கையில் சாய்ந்தேன்.

வண்டி ஓடும் ஆட்டத்தில் பாதி விழிப்பு வந்தது. மீன் கவிச்சியை மீறிக்கொண்டு அத்தர் வாசனை.

இஃப்திகார் அத்தர் பூசுவதில்லை.

"தூங்குங்க மாமா. நான் ஓட்டுறேன்."

தூங்கிவிட்டேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். முகத்தில் வெயில். உப்பளத்து வளைவில் வண்டி நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் ஆள் இல்லை.

"ஊதுடா" என்றார் எஸ்.ஐ.

ஊதினேன். கருவி கீச்சிட்டது.

"சார், நான் ஓட்டலை. தூங்கிட்டேன்."

"எங்களப் பாத்ததும் இந்தப் பக்கம் நகந்துட்டுப் பேச்சப் பாரு. வண்டி தானா வந்துச்சாக்கும்?"

இரண்டு பக்கமும் வெறும் உப்புப் பாத்தி. ஒருவன் இறங்கி ஓடியிருந்தால் ஒரு மைலுக்குத் தெரியும்.

ஏட்டு இஃப்திகாருக்குப் போன் போட்டார். அவன் ஏலக்கூடத்தில் நின்று வண்டியைக் காணோம் என்று கத்தினான். போனை வைத்த ஏட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏலே, நீ பாண்டித்துரைல்ல? போன வருசம் இதே வளைவுல வண்டி கவுந்து டிரைவர் ஹமீது செத்தானே. அன்னைக்கும் இதத்தான சொன்ன? நான் ஓட்டலை, தூங்கிட்டேன்னு?"

"மனப்பாடமா வச்சிருக்கான் ஏட்டய்யா" என்று எஸ்.ஐ. சிரித்தார்.

அன்றும் அத்தர் மணக்க ஹமீது, 'தூங்குங்க மாமா, நான் ஓட்டுறேன்' என்றுதான் சொன்னான். போதையில் இருந்த நான் கேட்கவில்லை. அவனை இடதுபக்கம் தள்ளி உட்காரவைத்து ஓட்டினேன். இடதுபக்கமாகத்தான் வண்டி கவிழ்ந்தது. செத்தவன் மேல் பழியைப் போட்டேன். தூங்கி வண்டியைக் கவிழ்த்தவன் பெண்டாட்டி என்று ஜஸீலாவை ஊர் இன்றைக்கும் பேசுகிறது.

வண்டியை ஸ்டேஷனுக்கு எடுக்க ஏட்டு ஏறினார். டிரைவர் இருக்கையில் முதுகு சாயும் இடத்தில், நான்காக மடித்த சாக்கு.

"இத வச்சுக்கிட்டு நீ எப்படிலே ஓட்டின? முட்டி இடிச்சிருக்குமே."

ஹமீது குள்ளம். முதுகுக்குச் சாக்கு வைக்காமல் அவன் கால் பிரேக்குக்கு எட்டாது.

ஏட்டு சாக்கை என் மடியில் எறிந்தார்.

சூடாக இருந்தது. மனிதச் சூடு.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தாளை எடுத்தார். "யாரு ஓட்டினது? சொல்லு, எழுதணும்."

ஹமீது என்றால் சிரிப்பார்கள். நான் என்றால் கேஸ். போன வருடம் நான் பொய்யாகச் சொன்னது இன்று நிஜம். யார் நம்புவார்கள்?

"நான் ஓட்டலை சார்."

காதோரம் அத்தர் வாசனை.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமா."

எஸ்.ஐ. தலை நிமிரவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. என் மடியில் சாக்கு இன்னும் ஆறவில்லை.

ஹமீதுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒரு வாக்குமூலம்: போன வருடம் வண்டியை ஓட்டியது நான். அதை இன்னும் கொடுக்கவில்லை.