முழுப் பிரதி

பூட்டு முதல் திருப்பலில் திறக்கவில்லை. கதவைத் தோளால் தள்ளினேன். மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த வீட்டின் வாசனை முகத்தில் வந்து படிந்தது. தூசி, காய்ந்துபோன குளியலறை, மடித்து வைத்த துணி. மதிய வெயில் திரைச்சீலைக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே அரையிருட்டு.

கூடத்து மூலையில் ரூட்டரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

இணையக் கட்டணம் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது. அதனால் விளக்கு எரிந்ததில் வியப்பில்லை. ஆனால் ஏதாவது போய்வரும்போதுதான் அது சிமிட்டும். சும்மா இருக்கும்போது அசையாமல் எரியும். அது எனக்குத் தெரியும். அன்று யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையுமே யோசிக்கவில்லை.

மனைவி இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தது அவள் குரலுக்காக.

அவளுடைய போனும் லேப்டாப்பும் விபத்தில் அவளோடு போயின. கல்யாண வீடியோவில் சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள், வாய் அசைகிறது. மேலே பாட்டு ஓடுகிறது. அவள் பேசுவது ஓரிடத்தில்தான் பதிவாகியிருந்தது. ஒப்பந்தச் சட்டப் பாடநூலில்.

பார்வையில்லாத சட்ட மாணவர்களுக்காக அவள் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்துவந்தாள். கோப்புகள் பெரியவை. அதனால் கோப்புப் பகிர்வில் போடுவாள். ஒரு கோப்பை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி, வேண்டியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் முறை அது. முந்தைய புத்தகங்களைப் பகிர்வதை எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். கடைசிப் புத்தகத்தை அவள் பகிரத் தொடங்கியது விபத்து நடந்த அன்று காலையில். வேலைக்கு நேரமானதும் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

என் கணினியில் டவுன்லோடைத் தொடங்கினேன். ஊர்ந்து ஊர்ந்து தொண்ணூற்றொன்று சதவீதத்துக்கு வந்து நின்றது. பட்டியலில் முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் அதே தொண்ணூற்றொன்றில் நின்றுகொண்டிருந்தார்கள். மீதி யாரிடமும் இல்லை. அத்தனை அத்தியாயத்தையும் ஒரே கட்டாகச் சுருக்கிப் போட்டிருந்தாள். முழுவதும் வந்து சேராமல் கட்டு திறக்காது. ஒரு சொல்கூடக் கேட்காது.

மறுநாள் மதியம் மச்சினனைக் கூப்பிட்டேன். அவளுடைய தம்பி. இணைய நிறுவனத்தில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவன் வயர்.

"என்ன மாமா, வீடு குகை மாதிரி இருக்கு? ஜன்னலைத் திறங்க. வௌவால் வந்து வாடகைக்கு இடம் கேக்கப்போகுது."

திறந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு கணினியில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனான்.

"உங்க ரூட்டர் பெரிய ரோஷக்காரன் மாமா. நீங்களாப் போய்க் கூப்பிட்டா உள்ள விடுது. அவங்களா வந்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்திடுது."

"அதனால?"

"நீங்களும் அடைச்சு வெச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் ஒருத்தர் அவரும் அடைச்சு வெச்சிருந்தா, ரெண்டு பேரும் காலம் பூரா சந்திச்சுக்கவே முடியாது. முழு ஃபைலும் வெச்சிருக்கிற யாரோ அப்படி மாட்டிக்கிட்டு இருக்கலாம். நாம திறந்து வெச்சா வருவாங்க."

ரூட்டரில் போர்ட் என்னும் ஒரு வாசலைத் திறந்துவிட்டான். புதிதாக நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களிடமும் அதே தொண்ணூற்றொன்றுதான்.

வயர் தலையைச் சொறிந்தான். "இன்னொண்ணு இருக்கு. உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு ஃபயர்வால். அது வீட்டுக்குள்ள இருக்கிற மத்த மெஷினைக்கூட நம்பாது."

"வீட்டுல வேற மெஷின் இல்லையே."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா."

அதையும் திறந்தான்.

எண் நகர்ந்தது.

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று.

"மாமா, லைனை மாத்திட்டீங்களா?"

"பழைய லைன்தான்."

"இந்த லைனுக்கு இவ்வளவு வேகம் கிடையாதே."

பட்டியலின் தலையில் ஒரு புது வரி வந்திருந்தது. நூறு சதவீதம். வயர் திரையருகே குனிந்தான். பிறகு சுட்டதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"இது வெளியிலேருந்து வரல."

அந்த முகவரி இந்த வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ரூட்டர் கொடுப்பது. அவன் ரூட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தான். இரண்டு பெயர்கள். ஒன்று என் கணினி.

இன்னொன்று, அடுப்பு.

அவள் லேப்டாப்புக்கு அவளே வைத்த பெயர் அது. மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். உள்ளேயிருக்கும் காற்றாடி அடுத்த அறைவரை இரையும்.

"இந்த அட்ரஸை அக்காவுக்குன்னு நான்தானே ஒதுக்கிக் குடுத்தேன்" என்றான் வயர்.

அப்போது அது கேட்டது.

படுக்கையறையிலிருந்து, சின்னக் காற்றாடியின் இரைச்சல்.

எழுந்து போனேன். கட்டிலில் அவள் பக்கம் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. உள்ளங்கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

திரும்பி வந்தபோது வயரின் கை ரூட்டரின் பிளக்கில் இருந்தது.

"புடுங்கிடவா?"

"தொடாத."

"மாமா..."

"தொடாதடா."

தொண்ணூற்றேழு.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. "அவ அப்படித்தான். 'நம்மகிட்ட இருக்கறது இன்னொருத்தர்கிட்ட முழுசாப் போய்ச் சேராம மூடக் கூடாதுடா தடியா'ன்னு என்னைத் திட்டுவா. சேர்ந்ததும் ஒரு நிமிஷம் வெச்சிருக்க மாட்டா. மூடிட்டு எழுந்து போயிடுவா."

என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

தொண்ணூற்றெட்டு.

சேர்ந்ததும் எழுந்து போய்விடுவாள்.

தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினேன். வயர் என்னைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறக்கும்போதே இரைச்சல் கேட்கும். அவள் பக்கம் கை வைத்துக்கொண்டு தூங்கினேன். குரல் இல்லாவிட்டால் என்ன, ஆள் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இரைச்சல் ஏறியது.

சுமக்க முடியாததைச் சுமக்கும்போது அந்தக் காற்றாடி அப்படித்தான் கத்தும். அறையில் பிளாஸ்டிக் காயும் வாடை. திரையில் அடுப்பின் வரி மறையும், திரும்ப வரும், மறையும், திரும்ப வரும். நான் நிறுத்தி வைத்த அந்த ஒரு சதவீதத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி அது திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விரிப்பை விலக்கினேன். மெத்தையில் இஸ்திரிப் பெட்டி மறந்த இடம்போலப் பழுப்பாக ஒரு சதுரம்.

அன்று வயர் போன் செய்தான்.

"முடிச்சுட்டீங்களா மாமா?"

"இல்ல."

"அக்கா இன்னும் இருக்காளா?"

"இருக்கா."

பிறகு மெதுவாகக் கேட்டான்.

"எப்படி இருக்கா?"

இதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. போனைக் காதில் வைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"விட்டுடுங்க மாமா" என்றான். "அவ வேலையை முடிச்சுட்டுப் போகட்டும்."

போய் உட்கார்ந்து, நிறுத்தியதைத் தொடங்கினேன். எச்சில் விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

நூறு.

இரைச்சல் நின்றது. ரூட்டரின் பட்டியலில் என் கணினி மட்டும் இருந்தது. கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். தரைபோலச் சில்லென்றிருந்தது.

கட்டு திறந்தது. "ஒப்பந்தச் சட்டம், முதல் அத்தியாயம்" என்றாள். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன். தடுமாறிய இடங்களில் "சாரி, மறுபடி வாசிக்கிறேன்" என்றாள். ஓரிடத்தில், எனக்கு நினைவில்லாத ஏதோ ஒரு நாளில், என்னை அதட்டினாள். "ஏய், பாத்திரத்தை உருட்டாத. ரெக்கார்ட் ஓடுது." அதைப் பலமுறை திரும்பப் போட்டேன். கடைசியில், "புத்தகம் முடிந்தது" என்றாள். பிறகு தனக்குள், "அப்பாடா. தண்ணி வேணும்." காலடிச் சத்தம். அவ்வளவுதான்.

அன்றுதான் முதல்முறையாக அழுதேன்.

பகிர்வை மூடாமல் வைத்திருந்தேன். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நூறைத் தொட்டுப் போனார்கள். நன்றி சொல்ல அங்கே வழியில்லை. கடைசி ஆளும் போனபின் பட்டியல் காலியானது. மூடலாம் என்று மவுஸைப் பிடித்தேன்.

ஒரு புது வரி வந்தது.

சைபர் சதவீதம். முதல் துண்டிலிருந்து கேட்டது. வீட்டுக்குள் இருக்கும் முகவரி.

அடுப்பு.

இம்முறை வாங்குவது அது, கொடுப்பது நான். இருப்பதிலேயே மெதுவான வேகம். மீதி நேரம் காட்டும் இடத்தில் எண் எதுவும் இல்லை. முடிவே இல்லை என்று காட்டும் படுத்துக் கிடக்கும் எட்டு மட்டும் இருந்தது. படுக்கையறையில் காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. இரைச்சல் இல்லை. புதிதாக வாங்கியபோது சுற்றியதுபோல, காது கொடுத்தால் மட்டும் கேட்கும் சத்தம்.

வயருக்குச் சொல்லவில்லை.

மெத்தையில் வைத்தால் அதற்குக் காற்றுப் போகாது. அலமாரியிலிருந்து ஒரு தட்டுப் பலகையைக் கழற்றி அவள் பக்கத்து ஓரத்தில் வைத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். பலகை இளஞ்சூடாக இருந்தது. நான் வைத்த இடத்தில் இல்லை. கட்டிலில் என் பக்கமாக நகர்ந்திருந்தது.