அழித்தும் போகாத எழுத்து

மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. போனில் எழுத்தைத் தொட்டால் எழுமே, மெல்லிய டக்... டக். மழைக்குப் பயந்து எல்லோரும் அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்ட பிற்பகல்; ஏசியின் முனகலுக்கும் ஜன்னலை உலுக்கும் காற்றுக்கும் ஆறிப்போன காபியின் வாடைக்கும் நடுவே, அவன் கேட்டும் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தான். உள்ளே இருந்தது செத்துப்போன தங்கையின் போன். சார்ஜ் இறங்கி மாதக்கணக்காகிறது.

அவன் ஒரு சமூக வலைத்தளச் செயலிக்கு நிரல் எழுதுபவன். அதில் வரும் லிங்க்கைத் தொட்டால், பக்கம் செயலிக்குள்ளேயே திறக்கும். அங்கே எதைத் தட்டினாலும், தட்டி அழித்தாலும்கூட, ஒரு பிரதி அலுவலகத்துக்கு வந்து சேரும். அது இவன் கைவண்ணம். சோதித்துப் பார்க்க ஒரு போன் தேவைப்பட்டபோது, கேட்காமல் கொள்ளாமல் தங்கையுடையதைச் சேர்த்தான். பிறகு நீக்க மறந்தான்.

ஒருநாள் அவள் பெண்கள் உதவி மையத்தின் பக்கத்தைத் திறந்திருந்தாள். 'அவர் என்னைக் கொன்னுடுவார்னு பயமா இருக்கு' என்று தட்டி, அனுப்பாமல் அழித்திருந்தாள். வந்து சேர்ந்த பிரதியை இவன் படித்தான். உடனே போன் போட்டான்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேண்ணா. என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்? வேலை போகும், மானமும் போகும். வாயை மூடிக்கொண்டான். சில நாளில், மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இவனும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாவி, அப்போதும் சொல்லவில்லை. ஞாபகத்துக்கு என்று அவள் போனை வாங்கி வந்தான். வீட்டில் வைக்கத் தைரியமில்லாமல் இங்கே பூட்டினான்.

டக். டக்.

கணினியில், பிரதிகள் வந்து சேரும் சோதனைத் திரையைத் திறந்தான். தங்கையின் போனிலிருந்து எழுத்துகள் வந்துகொண்டிருந்தன.

அண்ணா

அழிந்தது.

அண்ணா நீ படிச்சேல்ல

அழிந்தது.

"மன்னிச்சிடும்மா..."

சத்தம் நின்றது. ஏசியும் நின்றது. சாவியைத் திருகினான். இழுத்தான்.

போன் அணைந்துதான் கிடந்தது. கறுத்த கண்ணாடியில் கட்டைவிரல் தடங்கள். ஈரமாக. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. விழுந்துகொண்டே இருந்தன.

நிமிர்ந்தான். திரையில் ஒரு வரி. இந்த முறை அழியவில்லை.

நல்லா இருக்கியாண்ணா?