நாலு பேருடைய பட்டியல்

திங்கட்கிழமை மதியம் பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது.

விமலநாதன் கண்டியில் ஒரு சிறிய அலுவலகத்தில் இணைய விளையாட்டுகள் ஓடும் சேர்வர் கணினிகளைக் கவனிப்பவன். யார் உள்ளே வரலாம் என்று சேர்வருக்குச் சொல்லும் கோப்புகளைத் திருத்தி ஏற்றுவதுதான் வேலை. அது 2008. தமிழர் இருக்கும் வீடுகளில் யார் யார் என்று பொலிசார் பட்டியல் கேட்டு வாங்கிய காலம். நகருக்கு வெளியே குண்டசாலை வாடகை வீட்டில் அவனும் மனைவி இரஞ்சிதமும். மேல் அறையில் நண்பர்கள் ஸ்ரீஸ்கந்தராசாவும் அம்பிகைபாகனும். புது விளையாட்டுகளைச் சோதனைச் சேர்வரில் விளையாடிப் பார்ப்பதும் இதே நாலு பேர்தானே என்று, பொலிசுக்கு எழுதிய பட்டியலையே சோம்பலில் சேர்வருக்கும் கொடுத்திருந்தான்.

காணாமற்போனது ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயர் இருந்த வரி. தன் கைத்தவறு என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி எழுதி ஏற்றினான். சற்று நேரத்தில் அது மறுபடி இல்லை. கோப்பை யாரும் தொட்டதாகப் பதிவும் இல்லை. அன்று மாலை ஸ்ரீஸ்கந்தராசா வீடு திரும்பவில்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு வேன் வந்து நின்று அவனை ஏற்றிக்கொண்டு போனதாக முச்சக்கரவண்டிக்காரர் சொன்னார்.

புதன்கிழமை அம்பிகைபாகனின் வரி போயிற்று. உடனே அவனுக்குப் போன் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரஞ்சிதத்தை வெளியே போகவே வேண்டாம் என்று சொல்லி, கதவைப் பூட்டவைத்துவிட்டு, வியாழக்கிழமை அந்தக் கோப்பின் முன்னாலேயே காவலிருந்தான். வெளியே மழை கொட்டியது; சேர்வர் அறையின் மின்விசிறிகள் ஒரே குரலில் இரைந்தன; சூடேறிய தூசியின் வாடை தொண்டையில் ஒட்டியது; இரண்டு நாளாய் உறங்காத கண்களுக்குச் சுவரில் விழுந்த தன் நிழலே வேறு யாரோ போலத் தெரிந்தது. நாலு மணிக்கு இரஞ்சிதத்தின் வரி மறைந்தது.

எழுதினான். ஏற்றினான். இல்லை. கடவுச்சொல்லை மாற்றினான். பழைய பிரதியைப் போட்டான். அதிலும் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. கும்பிடாத தெய்வமில்லை. வீட்டுக்குப் போக முக்கால் மணித்தியாலமாகும். கையில் இருப்பது இந்த ஒரு வரி மட்டும்தான்.

போன் அடித்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் இரஞ்சிதம், மிக மெதுவாக. "வாசலிலை ஆரோ நிக்கினம். என்ரை பேரைச் சொல்லிக் கேக்கினம்."

"கதவைத் திறவாதையும். நான் இப்ப வாறன்."

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அது வீட்டுக்குள்ளேயே பெய்வதுபோல் கேட்டது.

திரையில் சோதனைச் சேர்வர் தானாகத் திறந்தது. பட்டியலில் இல்லாத அந்த இருவரின் உருவங்கள் உள்ளே நின்றன. சுவரைப் பார்த்தபடி. கைகள் தலைக்கு மேல்.

மூன்றாவது உருவம் நடந்து வந்தது. இரஞ்சிதம் தன் விளையாட்டு உருவத்துக்கு ஆசையாய்த் தெரிவுசெய்த மஞ்சள் சட்டை. விசைகளை மாறி மாறி அழுத்தினான். அது நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது.

பிறகு மெதுவாகக் கைகளைத் தூக்கியது.