பங்காரு வைத்த கல்

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருந்தது நாச்சியம்மாளின் வீடு. கதிரேசன் கேட்டைத் திறந்துகொண்டு நுழைந்தபோது காலை பத்து மணி. ஆடிக்காற்று தென்னை மட்டைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அது காதில் விழுந்ததுமே அவனுக்கு வயிறு எரிந்தது.

அது பங்காரு கட்டிய குளம்.

பதினோரு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் வீட்டுத் தோட்டங்களில் குளம் கட்டினார்கள். வீட்டுக்காரர்களிடம் பேசுவது, இடம் பார்ப்பது, மோட்டாரும் குழியில் விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டும் வாங்கி வருவது எல்லாம் கதிரேசன். குழிக்குள் இறங்கிக் கல் அடுக்குவது பங்காரு. பேசவே மாட்டான். உள்ளே நின்றபடி கையை மேலே நீட்டி, "கல்லக் குடு" என்பான். கதிரேசன் எடுத்துக் கொடுப்பான். எந்தக் கல்லில் பட்டு எந்தக் கல்லில் விழுந்தால் தண்ணீர் எப்படிச் சத்தம் போடும் என்பது பங்காருவின் கைக்குத் தெரிந்திருந்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் கதிரேசனைத் தாண்டிப் போய்ப் பங்காருவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு குளத்தின் ஓரத்திலும் தான் மட்டும் நின்று படம் எடுத்துப் போனில் போட்டுக்கொள்வான் கதிரேசன். அடியில் "நம்ம கைவேலை" என்று எழுதுவான்.

தை மாதம் மஞ்சள் காமாலையில் பங்காரு போய்ச் சேர்ந்தான். மயானத்தில் நின்றபோது கதிரேசனுக்கு அழுகை வந்தது உண்மை. அதற்கு அடியில் இன்னொன்றும் வந்தது. இனிமேல் குளம் என்றால் நான் ஒருத்தன்தான். அந்த நினைப்பை யாரிடமும் அவன் சொல்லவில்லை.

"வாங்க தம்பி," என்றாள் நாச்சியம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மீன் தீவனக் கிண்ணம். "தெனமும் தண்ணி நாலு விரக்கடை கொறையுதுங்க. ஏனுங்க, பங்காரு தம்பி வரலீங்களா?"

"அவன் தவறிப்போயிட்டானுங்கம்மா. ஆறு மாசமாச்சுங்க."

கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவியது. அப்படியே குளத்தோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க ஊட்டுக்காரருக்கு முட்டி ஆபரேசன் பண்ணி, எந்திரிக்க முடியாமப் படுத்துக் கெடக்கறாரு. அந்தத் தம்பி வெச்ச கல்லுல தண்ணி உழுகற சத்தத்தக் கேட்டாத்தான் அவருக்குக் கண்ணே சொக்குமுங்க."

கதிரேசன் பார்த்துக்கொண்டே நின்றான். தான் செத்தால் இப்படி எந்த வீட்டில் அழுவார்கள்?

மோட்டாரை நிறுத்தித் தண்ணீரை இறைத்தான். மீன்களைப் பிடித்து நீல டிரம்மில் விட்டான். கல் அடுக்கிச் செய்த அருவியின் அடியில் இருந்த பெரிய கல்லைக் கடப்பாரையால் நெம்பியதும் ஓட்டை தெரிந்துவிட்டது. தென்னை வேர் ஒன்று ஷீட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. வேரை வெட்டி, ஒரு ஒட்டுப் போட்டால் தீர்ந்தது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

கல்லை மறுபடி ஓட்டையின் மேல் உருட்டி மறைத்தான்.

"அடுக்கினதே தப்புங்கம்மா," என்றான். "பூரா பிரிச்சுப்போட்டுப் புதுசாத்தான் கட்டோணுமுங்க."

நாச்சியம்மாள் அந்தக் கற்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாததுங்களா தம்பி. செய்ங்க."

சாயங்காலத்துக்குள் ஒரு கல் மிச்சமில்லாமல் பிரித்தான். மறுநாள் வேரை வெட்டிப் புது ஷீட் விரித்தான். பங்காரு வைத்த இடத்தில் எந்தக் கல்லும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மாற்றி அடுக்கினான். ஒரு மணிக்கு ரோட்டோர மெஸ்ஸில் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது காற்று நின்றுபோயிருந்தது. பட்டப்பகல். ஒரு மட்டை அசையவில்லை. ஒரு காக்கை கத்தவில்லை. குழியிலிருந்து ஈரச் சேற்று வாடை எழும்பியது. தண்ணீர் இன்னும் விடாத குழி அது.

கற்கள் பழைய இடத்தில் இருந்தன.

ஒவ்வொன்றும். சாய்மானம்கூட மாறாமல்.

"ஏனுங்கம்மா, ஆராச்சும் வந்தாங்களா?"

அடுப்படி ஜன்னலிலிருந்து நாச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஆரும் வரலீங்க. நீங்கதானே இவ்வளவு நேரம் கல்லு அடுக்கிட்டு இருந்தீங்க? சத்தம் கேட்டுதுங்களே."

நியாயமாகக் கதிரேசனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கலைத்தான். இந்தமுறை சிமெண்டைக் குழைத்து, கல்லோடு கல்லை ஒட்டவைத்து, இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பெரிய கல்லை மட்டும் ஒட்டாமல் ஓரத்தில் வைத்தான், அருவிக்கு அடியில் கடைசியாகப் போடலாம் என்று.

மூன்றாம் நாள் கற்கள் நகரவில்லை. தண்ணீர் விட்டு, மோட்டாரைப் போட்டான். தண்ணீர் விழுந்தது. மூடாத குழாய் ஒழுகுவது போலச் சளசளவென்று விழுந்தது. நாச்சியம்மாள் வந்து நின்று கேட்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது தம்பி," என்றாள்.

அந்த மரியாதைதான் அவனைக் குத்தியது. வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் காளிச்சாமியின் குரல் வந்தது. "நாச்சி, அந்த மோட்டார நிறுத்தச் சொல்லு. தலவலிக்குது."

அவள் உள்ளே போய்விட்டாள். கதிரேசன் பெரிய கல்லை இரண்டு கைகளாலும் தூக்கினான். குளத்தோரம் மண்டியிட்டு, அருவிக்கு அடியில் தண்ணீருக்குள் இறக்கினான். இரண்டடி ஆழம்தான். தரை கைக்குப் படவேண்டும்.

படவில்லை.

முழங்கை நனைந்தது. தோள் நனைந்தது. தாடை தண்ணீரைத் தொட்டது. கல் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.

தண்ணீர் சில்லென்று ஆனது.

பிறகு, அடியிலிருந்து இரண்டு கைகள் வந்து அந்தக் கல்லை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டன.

பிடுங்கவில்லை. பாரம் முழுக்க அந்தப் பக்கம் போனதும் அவன் விரல்கள் தாமாகவே விட்டன. பதினோரு வருஷமாகப் பழகிய விரல்கள் அல்லவா. கல் தரையில் உட்காரும் சத்தம் மெதுவாகக் கேட்டது. ஒரு முறை திருப்பி வைக்கும் சத்தம் அதன் பின்னால் கேட்டது.

அருவியின் சத்தம் மாறியது. சளசளப்பு அடங்கி, யாரோ அடித்தொண்டையில் பேசுவது போல் தண்ணீர் விழத் தொடங்கியது.

அவன் கையை இழுக்கப் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் இறுகின.

"கல்லக் குடு."

காதுக்குப் பக்கத்தில், ஈர மூச்சோடு.

"விடு பங்காரு," என்றான் கதிரேசன். "விட்டுடுடா."

கை விடவில்லை. ஒரு விரக்கடை உள்ளே இழுத்தது. மூக்குக்குள் தண்ணீர் ஏறியது. செத்தும் விடமாட்டானா இவன், எல்லாமே இவனுக்குத்தானா என்றுதான் அந்த நேரத்திலும் கதிரேசனுக்கு நெஞ்சு கொதித்தது. கொதித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது.

"உன்னுதுதான்டா," என்றான் தண்ணீருக்குள். "எல்லாம் உன் கைவேலைதான். நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

பிடி தளர்ந்தது.

மல்லாந்து புல்லில் விழுந்து இருமினான். தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டடிக்கு அடியில் ஷீட்டின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. அதில் யாரும் இல்லை.

நாச்சியம்மாள் ஓடிவந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "இப்பத்தானுங்க தம்பி பழையபடி ஆச்சு! அவரு தூங்கிட்டாருங்க!"

கதிரேசன் எழுந்து கைகூப்பினான். வேர் துளைத்த ஓட்டையைச் சொன்னான். ஒரு ஒட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்பதைச் சொன்னான். பங்காரு அடுக்கியதில் ஒரு தப்பும் இல்லை என்பதைக் கடைசியாகச் சொன்னான். அவள் திட்டவில்லை. அவன் மணிக்கட்டில் சிவந்திருந்த ஐந்து தடங்களைப் பார்த்துவிட்டு, "பார்த்துப் போங்க கண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் போனிலிருந்த படங்களை எல்லாம் அழித்தான். இரண்டு மாதம் குளத்து வேலைக்கே போகவில்லை.

ஐப்பசியில் மதுக்கரையிலிருந்து அக்ஷிதா என்ற டீச்சர் கூப்பிட்டாள். சின்னக் குளம் போதும், நாலு அல்லி வைக்க வேண்டும் என்றாள். கதிரேசன் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டான். கல் வேண்டாம், அருவி வேண்டாம். முழங்கால் ஆழத்தில் ஒரு குழி, ஷீட், சுற்றிலும் செங்கல் வரிசை. தனியாகவே போய் மூன்று நாளில் முடித்தான். தண்ணீர் விட்டபோது மேகம் அதில் அசங்காமல் நின்றது. டீச்சர் கைதட்டினாள். "சூப்பருங்ணா!" என்றாள். பேரூர் தாண்டி வண்டியில் வரும்போது, ரொம்ப நாளைக்குப் பிறகு கதிரேசன் வாய்க்குள் பாடிக்கொண்டே வந்தான். இது என் குளம். என்னுடையது மட்டும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தவும் போன் அடித்தது. சாயங்காலம் ஐந்தரை. இன்னும் வெயில் இருந்தது.

"அண்ணா, அக்ஷிதா பேசறேனுங்க. உங்க கூட வந்தவரு இன்னும் போகலீங்களே. டீ குடுத்தேன், வாங்க மாட்டேங்கறாரு. நீங்க வந்தாத்தான் மேல ஏறுவாராமா."

"நான் தனியாத்தானே அம்மணி வந்தேன்," என்றான் கதிரேசன்.

அவள் குரல் தாழ்ந்தது.

"குளத்துக்குள்ளதானுங்ணா நிக்கறாரு. கழுத்து வரைக்கும் தண்ணியில."