குறையாத காற்று

முக்கால் மணி நேரம் கடலடியில் மூச்சு விட்டுவிட்டு வந்திருந்தான் ஆஸ்ரிக். ஆனால் காற்றுச் சிலிண்டரின் மீட்டரில் முள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

வெர்லின் மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டினாள். முள் அசையவில்லை.

"இதுவும் போச்சா?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

விடிந்தால் திருமதி கார்வாலியோ குடும்பத்தோடு போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கிவிடுவாள். வெர்லின் வாடகைக்கு விடும் பாய்ப்படகு ஒரு வாரத்துக்கு முழுவதும் அவர்களுக்குத்தான். தீவு தீவாகப் போக வேண்டும், தினமும் ஓர் இடத்தில் கடலுக்குள் இறங்க வேண்டும். எந்தத் தீவு, எந்த இடம் என்பதுதான் இன்னும் முடிந்தபாடில்லை. முதலில் டொபாகோ கேஸ் தீவுக்கூட்டம் என்றாள். வெர்லின் அதற்கேற்ப வழியை வகுத்தாள். பிறகு சின்னப் பையனுக்கு அலை ஒத்துக்கொள்ளாது என்றாள். வெர்லின் வழியை அழித்துக் கரைக்குப் பக்கமாக மறுபடி வகுத்தாள். அதற்குப் பிறகு மாமியாருக்கு மீன் வாடையே ஆகாது என்று தெரியவந்தது. ஒரு வாரம் கடலில் இருக்கப் போகிறவர்கள்! நேற்று மாலை கைபேசியில் ஒரு குரல் செய்தி: "எல்லாரும் போற எடத்துக்கே கூட்டிட்டுப் போறதுன்னா நான் எதுக்கும்மா தனிப் படகு எடுக்கணும்? யாருமே எறங்காத எடமாப் பாருங்க."

அந்த ஆத்திரத்தில்தான் வெர்லின் கடல் வரைபடத்தில் விரலை வைத்தாள். கரியாக்கோ தீவுக்குக் கிழக்கே, மீனவர்கள் மீன்கூண்டு போடாமல் சுற்றிக்கொண்டு போகிற ஒரு கறுப்புப் பாறை.

"அங்க எதுக்குக்கா?" என்று ஆஸ்ரிக் கேட்டான். "அதுல பறவைகூட உக்காராது."

"பறவையாடா நமக்கு வாடகை குடுக்குது? போய் எறங்கிப் பாத்துட்டு வா."

இன்று காலை அவன் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு போனான். நான்கு நாளாகப் பல்வலி. வலியோடும் விசிலடித்துக்கொண்டுதான் போனான். அவன் விசிலடிக்காமல் எந்த வேலையும் செய்ததில்லை. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். ஒருநாள் சண்டை போடாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இப்போது கடற்கரை அலுவலகத்தின் பின்வாசலில், அவளுக்கு முதுகு காட்டி, துடுப்புக் காலணிகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். மழைக்கு முந்தைய புழுக்கம். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு மெல்ல டிக் டிக்கென்றது. தெருவில் யாரோ சீமைப்பலாவைத் தீயில் சுடுகிற மணம் வந்தது. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஏதோ ஒன்று மட்டும் குறைந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எடம் எப்படிடா?"

"நல்லா இருக்குக்கா."

"நேத்து வேண்டாம்னியே?"

"எறங்கினாத்தான் தெரியுது."

"பல்லு?"

"வலி போயிடுச்சு."

திரும்பிப் பார்க்காமலே சொன்னான். அவள் வேறொரு மீட்டரை எடுத்துச் சிலிண்டரில் மாட்டினாள். அதுவும் முழுசு என்றது. அப்படியானால் மீட்டர் கெடவில்லை. அப்படியானால்? யோசிக்க அவளுக்குப் பொறுமையில்லை. கைபேசி மறுபடி அதிர்ந்தது. தலையணைகள் இறகா, பஞ்சா என்று திருமதி கார்வாலியோ கேட்டிருந்தாள்.

"கல்லு," என்று வெர்லின் முணுமுணுத்துவிட்டு, "பஞ்சு, மேடம்," என்று பதில் அனுப்பினாள்.

மீட்டரைக் கழற்றிவிட்டு, பழக்கத்தால் வால்வை ஒரு நொடி திறந்து முகர்ந்தாள். இங்கே யாரும் முகராமல் ஒரு சிலிண்டரையும் படகில் ஏற்றுவதில்லை. நல்ல காற்றுக்கு வாசனையே இருக்காது. லேசான எண்ணெய் வாடை வந்தால் காற்றடைக்கும் இயந்திரத்தில் கோளாறு.

இதில் கிராம்பு வாசனை வந்தது.

அதற்கும் அடியில், காலையில் அவள் பொரித்துக் கொடுத்த மாவுப் பணியாரமும் உப்புக் கருவாடும். வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கி எழுந்தவன் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டதுபோல.

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கடலடியில் விடுகிற மூச்சு குமிழியாக மேலே போய்விடும். சிலிண்டருக்குள் திரும்ப வழியே இல்லை. காலையில் இதோடு சேர்த்துக் காற்றடைத்த மற்ற சிலிண்டர்களைத் திறந்து முகர்ந்தாள். வாசனையே இல்லை. இதில் மட்டும்தான்.

சரி, இயந்திரத்தின் வடிகட்டியில் ஏதோ சிக்கியிருக்கும். அந்தக் கிராம்பை எங்கே துப்பித் தொலைத்தானோ! வரப்போகிறவர்கள் தலையணைக்கே இத்தனை கேள்வி கேட்கிறவர்கள். கருவாட்டு மூச்சை உறிஞ்சச் சொன்னால் சும்மா விடுவார்களா? எரிச்சலோடு வால்வைப் பாதி திறந்து, காலியாகட்டும் என்று சுவரோரம் நிறுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அவள் மேசைக்குப் போய், வரைபடத்தை விரித்து, இன்னொரு தரம் வழியை வகுக்கத் தொடங்கினாள்.

சீற்றம் நின்றது.

நிமிர்ந்தாள். மறுபடி சீறியது. நீளமாக. பிறகு நின்றது. பிறகு சீறியது. மழை இன்னும் தொடங்கவில்லை, கடலில் அலையும் இல்லை, ஒரு கொடிக்கயிறுகூடக் கம்பத்தில் தட்டவில்லை. அந்த அமைதியில் சீற்றத்துக்கும் சீற்றத்துக்கும் நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லியது. எதிர்ப்பக்கமாகப் போவது.

மேசையிலிருந்து வரைபடத்தின் நுனி எழுந்தது. வால்வை நோக்கி நீண்டது. விழுந்தது.

மறுபடி எழுந்தது.

வெளியே விடுகிறது. உள்ளே இழுக்கிறது.

விடும் மூச்சு நீளம். இழுப்பது குட்டை. ஒவ்வொரு தரமும் இன்னும் குட்டை.

"ஆஸ்ரிக்," என்றாள். "டேய், ஆஸ்ரிக்!"

அவன் வாசலில் வந்து நின்றான். கரையேறி எவ்வளவோ நேரமாகிவிட்டது. இந்தப் புழுக்கத்திலும் அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா?"

எது குறைந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒரு விசிலடிடா."

"இப்ப எதுக்கு?"

"அடிடான்னா."

அவன் உதடுகளைக் குவித்தான். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. குவித்த உதடுகளோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்தான். வயிறு அசையவில்லை. மார்பு அசையவில்லை. சிரிப்பு மட்டும் அறைக்குள் எங்கிருந்தோ கேட்டது.

அவள் பாய்ந்து வால்வை மூடினாள். இரண்டு கையாலும் திருகி இறுக்கினாள். தம்பியின் மூச்சு எவ்வளவு போயிற்று? பாதியா? அதற்கும் மேலா? அவளேதான் திறந்துவிட்டிருந்தாள். அவளேதான் அனுப்பியும் வைத்தாள். தரையில் சரிந்து உட்கார்ந்து, சிலிண்டரை மடியில் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

மேசைமேல் கைபேசி அடித்தது. ஆஸ்ரிக் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம். ஆமா, தம்பிதான் பேசறேன்." குரல் இனித்தது. "எடம் பாத்துட்டேன். இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. பையனுக்கு வாந்தியா? கீழ வந்துட்டா அலையே தெரியாது மேடம். மாமியாரா? அவங்களும் வரட்டும். கடல்ல எறங்கத் தெரியாட்டி என்ன, நான் இருக்கேன்ல. எல்லாரும் வாங்க. நெறைய எடம் இருக்கு."

"வராதீங்க!" என்று வெர்லின் கத்தினாள். அவன் ஏற்கெனவே கைபேசியை வைத்துவிட்டிருந்தான்.

"பாத்தியாக்கா? ஒரு மாசமா உன்னால முடியாதது. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது." கையை நீட்டினான். விரல் நுனிகள் நெடுநேரம் ஊறியவைபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "அதக் குடு. காலி பண்ணிட்டு நல்ல காத்தா நெரப்பணும்."

"கிட்ட வராத."

"சரி."

அவன் வரவில்லை. அவளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு அவசரமே இல்லை. அவனைச் சுற்றித் தரையில் ஈரம் மெல்லப் பரவியது. முதல் மழைத்துளிகள் தகரத்தில் விழுந்தன.

அறையில் மூச்சு விடுகிறவர்கள் இரண்டு பேர்தான். அவளும், அவள் மடியில் இருந்ததும்.

அவள் உள்ளங்கையைச் சிலிண்டரின்மேல் பதித்தாள். குளிர்ந்த உலோகம் கைக்கு அடியில் மேலெழுந்தது. இறங்கியது.

எழுந்தது.

இறங்கியது.

நின்றது.

வெர்லின் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதிரே அவனும், தலையைச் சற்றே சாய்த்து, அவள் கையையே பார்த்தபடி காத்திருந்தான்.